அறுந்த வயரில் கை வைப்பதற்கு முன்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சார்ஜர் வயர் கழுத்தில் கிழிந்து உள்ளே இருக்கும் கம்பி எட்டிப் பார்த்ததும் நம் வீடுகளில் முதலில் வருவது ரப்பர் பேண்டு. அடுத்தது செல்லோ டேப். அதுவும் தாங்காவிட்டால் மருந்துப் பெட்டியில் கிடக்கும் பிளாஸ்திரி. மூன்றும் கிழிசலை மூடும், உள்ளே அறுந்ததை ஒட்டாது. இன்னொரு பக்கம், பத்து நிமிட வேலையில் சரியாகிவிடும் வயரைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

எந்த வயரை ஒட்டலாம், எதைத் தூக்கிப் போடலாம் என்று முடிவு செய்ய ஒரு கேள்வி போதும்: இந்த வயரில் எத்தனை வோல்ட் வருகிறது, எவ்வளவு கரன்ட் ஓடுகிறது? 5 வோல்ட் வயரில் கை தவறினால் வயர் போகும், மிஞ்சிப் போனால் போன் போகும். 230 வோல்ட் வயரில் கை தவறினால் ஆளே போகலாம். கீழே உள்ள பட்டியல் முழுவதும் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான்.

1. முதலில் தரம் பிரிப்பது

செய்ய வேண்டியவை

• வயரின் இரண்டு முனைகளும் எங்கே போகின்றன என்று பாருங்கள். ஒரு முனை சுவர் பிளக்கில் நேராகச் சொருகப்படுகிறது என்றால் அது 230 வோல்ட் வயர். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், டேபிள் ஃபேன், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் இந்த ஜாதி.

• அடாப்டரைத் தாண்டி வரும் வயர் என்றால் அடாப்டர் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். "அவுட்புட்" என்ற இடத்தில் வோல்ட்டும் ஆம்பியரும் இருக்கும். சாதாரண போன் சார்ஜரில் 5 வோல்ட், லேப்டாப் அடாப்டரில் பெரும்பாலும் 19 அல்லது 19.5 வோல்ட்.

• வீட்டில் தைரியமாக எடுத்துச் செய்யக்கூடியவை: பழைய வகை யூ.எஸ்.பி. சார்ஜர் வயர், இயர்போன் வயர், இன்டர்நெட் லேன் வயர், டிஷ் ஆன்டெனா வயர். கொஞ்சம் பழகிய கை என்றால் லேப்டாப் அடாப்டரிலிருந்து லேப்டாப்புக்கு வரும் வயர்.

செய்யக்கூடாதவை

• இரண்டு முனையிலும் டைப்-சி உள்ள வயரை வெட்டி ஒட்டாதீர்கள். பார்க்க மெலிதாக இருந்தாலும் அதில் 20 வோல்ட் வரை ஓடலாம். 2021-இல் வந்த புதிய விதிமுறைப்படி 48 வோல்ட், 240 வாட் வரைகூடப் போகலாம். 5 ஆம்பியர் தாங்கும் வயரின் முனைக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கும். தன்னால் எவ்வளவு தாங்க முடியும் என்று சார்ஜருக்குச் சொல்வது அதுதான். நீங்கள் போட்ட ஒட்டு எவ்வளவு தாங்கும் என்று அந்தச் சில்லுக்குத் தெரியாது. அது பழைய கணக்கையே சொல்லும், சார்ஜரும் அதை நம்பி அனுப்பும்.

• எச்.டி.எம்.ஐ. வயரில் நேரத்தை வீணாக்காதீர்கள். 19 பின், தலைமுடி கனத்தில் கம்பிகள், ஒவ்வொரு ஜோடிக்கும் தனிக் கவசம். ஒட்டி முடித்தாலும் படம் புள்ளி புள்ளியாக உடையும்.

• வீட்டுக்கு வரும் ஃபைபர் இன்டர்நெட் வயர் முறிந்தால் தொடாதீர்கள். உள்ளே இருப்பது செம்பு அல்ல, கண்ணாடி இழை. அதை ஒட்டத் தனி இயந்திரம் வேண்டும். முறிந்த முனையைக் கண்ணருகே கொண்டுபோய் "வெளிச்சம் வருகிறதா" என்று பார்க்கவே கூடாது. அதில் ஓடும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாத அலைநீளத்தில் இருக்கிறது. கண்ணில் பட்டாலும் நமக்குத் தெரியாது. இணைப்புக் கொடுத்தவர்களைக் கூப்பிடுங்கள்.

• அடாப்டர் டப்பாவை உடைத்துத் திறக்காதீர்கள். 230 வோல்ட் ஏசி உள்ளே டிசி ஆகும்போது பெரிய கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கலாம்.

2. கோளாறு வயரில்தானா?

செய்ய வேண்டியவை

• மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதே சார்ஜர், வேறு வயர். அதே வயர், வேறு போன். சந்தேகம் எதன் மேல் விழுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

• போனின் சார்ஜிங் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சு அங்கே திண்டு மாதிரி அடைந்து, பின் முழுதாக உள்ளே போகாமல் நிற்பது அடிக்கடி நடப்பது. போனை அணைத்துவிட்டு மரத்தாலான பல்குச்சியால் மெல்லக் கிளறி எடுங்கள். பல வயர்கள் இந்த இடத்திலேயே "குணமாகி"விடும்.

• வயரைச் சார்ஜில் போட்டு, பிளக் கழுத்திலிருந்து தொடங்கி ஒரு விரல் அகலத்துக்கு ஒருமுறை மெதுவாக வளைத்துக்கொண்டே வாருங்கள். சார்ஜ் குறி எங்கே வந்து வந்து போகிறதோ அங்கேதான் முறிவு. வயர் வளைகிற இடம் எப்போதும் ஒன்றே என்பதால் முக்கால்வாசி முறிவு பிளக்கை ஒட்டிய இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். இந்தச் சோதனை 5 வோல்ட் வயருக்கு மட்டும்.

• மல்டிமீட்டர் இருந்தால் "பீப்" சத்தம் எழுப்பும் கன்டினியூட்டி நிலையில் வைத்து, ஒவ்வொரு கம்பியையும் முனைக்கு முனை சோதியுங்கள். வயரை ஆட்டும்போது சத்தம் விட்டு விட்டு வந்தால் உள்ளே சில இழைகள்தான் மிச்சம்.

செய்யக்கூடாதவை

• சார்ஜிங் துளைக்குள் குண்டூசி, ஹேர்பின், சேஃப்டி பின் எதையும் விடாதீர்கள். பஞ்சோடு பின்னும் பெயர்ந்து வரும்.

• 230 வோல்ட் வயரை மின்சாரம் ஓடும்போது வளைத்து, ஆட்டிப் பார்க்காதீர்கள். ஸ்விட்சை அணைத்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். ஸ்விட்ச் ஒரு வழியைத்தான் துண்டிக்கிறது. வயரிங் செய்தவர் ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்திருந்தால், ஸ்விட்ச் அணைந்திருக்கும்போதும் வயரில் கரன்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

3. கையில் வேண்டிய சாமான்

செய்ய வேண்டியவை

• 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், ஒரு கட்டர், ஒரு மல்டிமீட்டர், சில அளவுகளில் ஹீட் ஷ்ரிங்க் குழாய். இவ்வளவுதான். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் ஒரே நடையில் எல்லாம் கிடைக்கும். மற்ற ஊர்களில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள்.

• ஈயம் வாங்கும்போது உள்ளே பசை வைத்தது, 60/40 வகை என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளீயம் 60 பங்கு, காரீயம் 40 பங்கு. 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி 190-க்குள் முழுதும் உருகிவிடும். காரீயம் இல்லாத வகை 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். புதுக் கைக்கு அது கொஞ்சம் அடம்பிடிக்கும்.

• ஜன்னலைத் திறந்து வையுங்கள். எழும் புகை ஈயத்தினுடையது அல்ல, பசையினுடையது. ஆனாலும் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். காரீயம் கையிலிருந்து வாய்க்குப் போகக் கூடாது.

செய்யக்கூடாதவை

• தகரம், பாத்திரம் பற்றவைக்கிற ஆசிட் கலந்த பசையை மின்சார வயரில் தடவாதீர்கள். அன்றைக்கு ஒட்டும். சில மாதத்தில் செம்பு பச்சை பிடித்து அரித்துப்போகும்.

• பல்லால் கடித்து வயர் உரிக்காதீர்கள். பல்லுக்கும் கேடு, கம்பிக்கும் கேடு.

• தீக்குச்சியால் ரப்பரைப் பொசுக்கி உரிக்காதீர்கள். பி.வி.சி. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். கம்பியும் கரி பிடித்து ஈயத்தை ஏற்காது.

4. ஒட்டுப் போடும் முறை

செய்ய வேண்டியவை

• சேதமான பகுதியைத் தயங்காமல் வெட்டி எறியுங்கள். முறிவுக்கு இரண்டு பக்கமும் கம்பி கறுத்திருந்தால் பளபளப்பான செம்பு வரும்வரை இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது.

• ஈயம் வைப்பதற்கு முன்பே ஹீட் ஷ்ரிங்க் குழாயைக் கம்பியில் கோத்துவிடுங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு மெல்லிய துண்டு, மொத்த வயருக்கும் ஒரு பெரிய துண்டு. ஒட்டுப் போட்டு முடித்த பிறகு கோக்க வழி கிடையாது. சூட்டில் குழாய் தன் அகலத்தில் பாதியாகச் சுருங்கும் என்பதால் ஒட்டின் கனத்தைவிடக் கொஞ்சம் பெரியதாக எடுத்தால் போதும். குழாயை அயர்னிலிருந்து தள்ளி வையுங்கள், முன்கூட்டியே சுருங்கிவிடும்.

• உள்ளே நான்கு கம்பிகள் இருந்தால் நான்கையும் ஒரே இடத்தில் வெட்டாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி வருமாறு நீளம் மாற்றி வெட்டுங்கள். ஒட்டுகள் அருகருகே வராததால் ஒன்றோடொன்று தொட்டு ஷார்ட் ஆகாது. வயரும் ஓரிடத்தில் முண்டு கட்டாமல் ஒரே கனமாக இருக்கும்.

• இரண்டு கம்பி முனைகளையும் குறுக்காக வைத்து, ஒன்று மற்றொன்றின் மேல் சுற்றுமாறு முறுக்குங்கள். தந்தி காலத்திலிருந்து லைன்மேன்கள் போட்டுவரும் முடிச்சு இது. இழுத்தால் இறுகும். ஈயம் கரன்ட் கடத்தத்தான். இழுவையைத் தாங்க வேண்டியது முறுக்குதான்.

• அயர்னைக் கம்பிக்கு அடியில் வைத்துக் கம்பியைச் சூடாக்குங்கள். ஈயத்தை மேலிருந்து கம்பியில் தொடுங்கள். சூடேறிய கம்பி ஈயத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஆறியதும் ஒட்டு மினுமினுப்பாக, கம்பி இழைகளின் வரி மேலே தெரிவதுபோல இருக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

• அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கி எடுத்துவந்து கம்பி மேல் சொட்டவிடாதீர்கள். குளிர்ந்த கம்பி மேல் உருண்டையாக உட்கார்ந்துகொள்ளும், உள்ளே பிடித்திருக்காது.

• ஈயம் இறுகும் முன் ஆட்டாதீர்கள், வாயால் ஊதாதீர்கள், மேலே ஃபேனையும் ஓடவிடாதீர்கள். ஆடி இறுகிய ஈயம் சாம்பல் நிறத்தில் பொருபொருவென்று இருக்கும். அப்படி ஆனால் மறுபடி சூடாக்கிச் சரிசெய்யுங்கள்.

• இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் அதன் பசை இளகி வழியும், டேப் நகர்ந்து கம்பி வெளியே தெரியும்.

• வெட்டிய இடத்தில் வேறு மெல்லிய வயரைச் சேர்த்து நீளம் கூட்டாதீர்கள். 28 கேஜ் மெல்லிய செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் தடை. ஒரு மீட்டர் போய்த் திரும்பி வந்தால் 0.43 ஓம். அதில் 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.85 வோல்ட் கரைந்துவிடும். 5 வோல்ட்டில் கிளம்பியது போனுக்கு 4.15 ஆகப் போய்ச் சேரும். "ஒட்டினேன், ஆனால் சார்ஜ் மெதுவாக ஏறுகிறது" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

5. யூ.எஸ்.பி. சார்ஜர் வயர்

செய்ய வேண்டியவை

• உள்ளே வழக்கமாக நான்கு கம்பிகள்: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், பச்சையும் வெள்ளையும் டேட்டா. நிறத்துக்கு நிறம் சேருங்கள். வெளியே சுற்றியிருக்கும் வலைக்கம்பியையும் முறுக்கிச் சேர்த்துவிடுங்கள்.

• சேர்ப்பதற்கு முன் நிறத்தை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரால் ஒருமுறை உறுதி செய்யுங்கள். மலிவு வயர்களில் நிறம் மாறியிருப்பது உண்டு. 2016 பிப்ரவரியில் கூகுள் பொறியாளர் பென்சன் லியூங், கடையில் விற்ற ஒரு டைப்-சி வயரைச் சோதித்தபோது அவருடைய குரோம்புக் பிக்சல் மடிக்கணினியும் சோதனைக் கருவிகளும் ஒருசேரக் கெட்டுப்போயின. அந்த வயரின் ஒரு முனையில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருந்தன. தொழிற்சாலையிலேயே அப்படி நடக்கும்போது நம் கை எம்மாத்திரம்.

• பச்சை, வெள்ளைக் கம்பிகளையும் ஒட்டுங்கள். சார்ஜுக்குச் சிவப்பும் கறுப்பும் போதுமே என்று விட்டுவிட்டால், எதிரில் இருப்பது எந்த மாதிரி சார்ஜர் என்று போனுக்குத் தெரியாது. பயந்துகொண்டு குறைந்த கரன்டையே எடுக்கும்.

செய்யக்கூடாதவை

• வெட்டிப் பார்க்கும்போது நான்குக்கு மேல் கம்பிகள் இருந்தால் மேலே போகாதீர்கள். அது வேகமான டேட்டாவுக்கோ அதிக வாட்டுக்கோ செய்த வயர். அங்கேயே நிறுத்திப் புதிது வாங்குங்கள்.

• சிவப்புக் கம்பியும் வலைக்கம்பியும் தொட இடம் கொடுக்காதீர்கள். வலையின் ஒரே ஓர் இழை சிவப்பைத் தொட்டாலும் ஷார்ட்.

6. லேப்டாப் அடாப்டர் வயர்

செய்ய வேண்டியவை

• இங்கே கம்பிகள் அருகருகே ஓடாது. நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி ரப்பர், அதன் மேல் வலைக்கம்பி. பெரும்பாலும் நடுக்கம்பி பாசிட்டிவ், வலை நெகட்டிவ். அடாப்டர் சீட்டில் வட்டம் போட்டு பிளஸ், மைனஸ் படம் இருக்கும், அதைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

• சில லேப்டாப் பிளக்குகளின் நடுவில் ஊசி போல ஒரு பின் இருக்கும். அதற்கென்று தனியாக ஒரு மெல்லிய கம்பி வரும். அடாப்டர் தன்னை அறிமுகம் செய்துகொள்வது அதன் வழியாகத்தான். அது அறுந்தால் லேப்டாப் ஓடும், ஆனால் "அடாப்டர் வகை தெரியவில்லை" என்று சொல்லி பேட்டரியைச் சார்ஜ் செய்ய மறுக்கும். அதையும் சேர்த்து ஒட்ட மறக்காதீர்கள்.

செய்யக்கூடாதவை

• லேப்டாப்பில் சொருகி "சரியாகிவிட்டதா" என்று பார்க்காதீர்கள். முதலில் மல்டிமீட்டரில் வோல்ட்டும் பிளஸ் மைனஸும் பாருங்கள், பிறகு சொருகுங்கள்.

• 65 வாட் அடாப்டரில் 3 ஆம்பியருக்கு மேல் ஓடும். போன் வயரில் மிஞ்சிய துண்டை இங்கே இணைப்புக்கு எடுக்காதீர்கள்.

7. இயர்போன் வயர்

செய்ய வேண்டியவை

• உள்ளே இருக்கும் சிவப்பு, பச்சை, செம்பு நிறக் கம்பிகள் வெறும் கம்பிகள் அல்ல. ஒவ்வோர் இழைக்கும் மேலே வார்னிஷ் பூச்சு உண்டு. அதை நீக்காமல் எவ்வளவு முறுக்கினாலும் சத்தம் வராது. சூடான அயர்ன் முனையில் ஈயம் வைத்து அதற்குள் கம்பியைச் சில விநாடி தோய்த்தெடுங்கள், பூச்சு கருகி ஈயம் பிடித்துக்கொள்ளும்.

• கம்பிகளோடு பருத்தி அல்லது நைலான் நூல் கலந்திருக்கும். அது இழுவை தாங்க வைத்தது. ஈயம் வைக்கும் இடத்தில் மட்டும் பிரித்து வெட்டுங்கள்.

• முறிவு ஜாக் கழுத்தில் என்றால் புது 3.5 மில்லிமீட்டர் ஜாக் வாங்கிப் போடுவதே சுலபம். மைக் உள்ள நான்கு வளைய ஜாக்கில் இன்றைய போன்களின் வழக்கம்: நுனி இடது காது, அடுத்தது வலது காது, மூன்றாவது கிரவுண்ட், கடைசி மைக்.

செய்யக்கூடாதவை

• பழைய போன்கள் சிலவற்றில் கிரவுண்டும் மைக்கும் இடம் மாறியிருக்கும். பாட்டில் குரல் மட்டும் மங்கி எங்கோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தால் ஒட்டு கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த இரண்டையும் மாற்றிப் பாருங்கள்.

8. லேன் வயர், டிஷ் வயர்

வீட்டில் ரிப்பேர் செய்ய இவற்றைப் போல நல்ல வயர்கள் இல்லை. எலி கடித்த இடத்தை வெட்டி, முனையில் புது கனெக்டர் போட்டால் வயர் புதிது போலவே வேலை செய்யும்.

செய்ய வேண்டியவை

• லேன் வயரில் எட்டுக் கம்பிகள். இரண்டு முனையிலும் ஒரே வரிசை வேண்டும். கனெக்டரின் கிளிப் கீழ்ப்பக்கம் இருக்கும்படி பிடித்து இடமிருந்து: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு.

• டிஷ் வயரில் வேலை செய்யும் முன் செட்டாப் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்குங்கள். மாடியில் இருக்கும் ஆன்டெனாவின் தலைக்கு 13 அல்லது 18 வோல்ட் இந்த வயர் வழியாகத்தான் போகிறது. ஷாக் அடிக்காது, ஆனால் நடுக்கம்பியும் வலையும் தொட்டால் பாக்ஸ் கெடலாம்.

• மாடி ஒட்டுக்கு முன் வயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள். மழைநீர் வளைவில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் இறங்காது.

செய்யக்கூடாதவை

• லேன் வயரின் ஜோடி முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைத் தடுப்பது அந்த முறுக்குதான். நான்கு கம்பிகள் மட்டும் சேர்ந்தாலும் இன்டர்நெட் வரும், ஆனால் 100 எம்.பி.பி.எஸ்-ஐத் தாண்டாது. அதிக வேகத் திட்டம் எடுத்தும் வேகம் வரவில்லை என்றால் அறுந்த ஜோடியைத் தேடுங்கள்.

• டிஷ் வயரின் நடுக்கம்பிகளை முறுக்கி டேப் சுற்றி ஒட்டாதீர்கள். வெயில் நாளில் படம் வரும், மழை நாளில் "சிக்னல் இல்லை" என்று வரும். எஃப் கனெக்டரும் இணைப்பானும் போடுங்கள்.

9. 230 வோல்ட் வயர்

இங்கே ரிப்பேர் என்று சொல்லத்தக்கது ஒன்றுதான்: பிளக் அருகே சேதமான வயரை வெட்டிக் குறைத்துப் புதுப் பிளக் மாட்டுவது. நடுவயரில் ஒட்டு என்பது இந்தப் பட்டியலில் இல்லை. கருவியோடு வந்த கையேட்டைப் பிரித்துப் பார்த்தால், மின் வயர் சேதமானால் தயாரிப்பாளரோ அவருடைய சர்வீஸ் ஆளோ தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனோதான் மாற்ற வேண்டும் என்று அச்சடித்திருக்கும். நாம்தான் அதைப் படிப்பதில்லை.

செய்ய வேண்டியவை

• பிளக்கின் உள்ளே எல், என், இ என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். எல்லுக்குப் பழுப்பு, என்னுக்கு நீலம், இ-க்குப் பச்சை-மஞ்சள். பழைய வயராக இருந்தால் முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை. யூ.எஸ்.பி. வயரில் கறுப்பு கிரவுண்ட். இங்கே கறுப்பு நியூட்ரல், அது எர்த் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

• எர்த் கம்பியை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். யாராவது வயரை இழுத்தால் ஃபேஸ் முதலில் கழலும், எர்த் கடைசியில் கழலும். எர்த் பின் மற்றவற்றைவிட நீளமாக இருப்பதற்கும் இதே காரணம்தான்: முதலில் தொட வேண்டும், கடைசியில் விலக வேண்டும்.

• பிளக்குக்குள் இருக்கும் கிளாம்ப் வயரின் வெளி உறையைக் கவ்வும்படி இறுக்குங்கள். உள்கம்பிகளைக் கவ்வினால் இழுவை முழுவதும் திருகாணியில் விழும்.

• அயர்ன் பாக்ஸ் வயரை மாற்றுவதானால் நூல் உறை போட்ட அதே வகையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சாதாரண பி.வி.சி. வயர் 70 டிகிரி சூட்டுக்குத்தான் கணக்கு. சூடான அயர்ன் தொட்டால் உருகிவிடும்.

• மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் போடச் சொல்லுங்கள். உடல் வழியாகத் தரைக்குக் கரன்ட் கசிந்தால் துண்டிப்பது அதுதான். ஆனால் ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் அதுவும் காப்பாற்றாது.

செய்யக்கூடாதவை

• பிளக் உடைந்துபோனது என்று வெறும் கம்பி முனைகளை சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சி செருகி நிறுத்தாதீர்கள். கல்யாண மண்டபத்திலிருந்து டீக்கடை வரை இது நடக்கிறது என்பதால் சரியாகிவிடாது.

• எர்த் பின்னை ஒடித்து மூன்று பின் பிளக்கை இரண்டு பின் துளையில் சொருகாதீர்கள்.

• பிளக்கின் திருகாணிக்குள் போகும் முனைக்கு ஈயம் பூசாதீர்கள். இழைகள் பிரியாமல் இருக்கட்டும் என்று பலர் செய்வது இது. திருகாணி அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி விலகும், சில மாதத்தில் பிடி தளரும், தளர்ந்த இடம் சூடாகும்.

• கீசர், அயர்ன் பாக்ஸ், இன்டக்‌ஷன் அடுப்பு வயர்களில் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு ஒருநாளும் வேண்டாம். 2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த ஒட்டில் அரை ஓம் தடை இருந்தால் அந்த ஓர் இடத்தில் மட்டும் ஏறத்தாழ 38 வாட் சூடு பிறக்கும். உங்கள் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். டேப்புக்குள் அதைவிடச் சூடான ஒன்றைச் சுற்றி வைத்தது போல.

10. சொருகும் முன் சோதனை

செய்ய வேண்டியவை

• முனைக்கு முனை ஒவ்வொரு கம்பியும் "பீப்" சொல்ல வேண்டும். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே "பீப்" வரவே கூடாது. இந்த இரண்டாவது சோதனையைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவார்கள்.

• முதலில் பழைய போனிலோ பவர் பேங்கிலோ போட்டுப் பாருங்கள். கால் மணி நேரம் கழித்து ஒட்டைத் தொடுங்கள். வயரின் மற்ற இடத்தைவிட அது சூடாக இருந்தால் ஒட்டு சரியில்லை. பிரித்து மறுபடி போடுங்கள்.

• ஒட்டுப் போட்ட வயரில் தேதி எழுதிய காகிதத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் தெரியட்டும்.

செய்யக்கூடாதவை

• ஒட்டுப் போட்ட வயரில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். தலையணைக்கு அடியில், மெத்தை மேல், போர்வைக்குள் வைக்கவே கூடாது.

• ஒட்டுப் போட்ட வயரைப் பிள்ளைகளுக்கோ ஊருக்குப் போகும் விருந்தாளிக்கோ கொடுத்தனுப்பாதீர்கள். அதன் பலவீனம் போட்டவருக்குத்தான் தெரியும்.

11. தூக்கிப் போடும்போது

செய்ய வேண்டியவை

• அதே வயர் இரண்டாம் முறை அறுந்தால் விடை கொடுத்துவிடுங்கள். செம்பு இழைகள் நெடுக நைந்துவிட்டன என்று அர்த்தம். இங்கே ஒட்டினால் அடுத்தது அங்கே அறும்.

• கழித்த வயர்களை ஒரு பையில் சேர்த்து மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். இதற்கான மத்திய அரசின் புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.

செய்யக்கூடாதவை

• வெட்டிய பிளக்கை வயரின் வால் தொங்க அப்படியே வீட்டில் போட்டு வைக்காதீர்கள். ஒரு குழந்தை எடுத்து சாக்கெட்டில் சொருகினால் மறுமுனை வெறும் கம்பி. வயரைப் பிளக்கை ஒட்ட வெட்டி, பின்னை வளைத்துவிட்டுப் போடுங்கள்.

• செம்பு கிடைக்கும் என்று வயரைக் குவித்துக் கொளுத்தாதீர்கள், கொளுத்துகிறவர்களிடமும் கொடுக்காதீர்கள். பி.வி.சி. புகையில் டயாக்சின் உண்டு. அது மண்ணில் விழுந்தால் எளிதில் அழியாது, சாப்பாட்டின் வழியாக நம்மிடமே திரும்பி வரும்.